வந்தாச்சு

"வந்தாச்சுங்க" என்று அவர் போனில் சொன்னால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். "கிட்ட வந்தாச்சு" என்றால் கார் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். "உங்க தெருவுக்குள்ளயே வந்தாச்சுங்க" என்று சொன்ன ஒரு சனிக்கிழமை காலை, கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் எங்கள் வீட்டு வாசலில் நானும் என் கணவரும் பையை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றோம். வந்து இறங்கியவர் முகத்தில் கூச்சம் என்பது துளியும் இல்லை. கையில் ஃபிளாஸ்க் நிறையச் சூடான காப்பி.

"உங்களுக்காகத்தானுங்க லேட்டு. நல்ல டிகாஷன் இறங்க வேண்டாமா?"

கோபப்பட முடியுமா? அப்போது முடியவில்லை. பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பே ஏரியாத் தமிழர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எல்லோருக்கும் அவர் அண்ணா. அறுபது வயதுக்காரர்களுக்கும் அண்ணாதான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஏதோ ஒரு சிப் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க ஃப்ரீவேயில் தேய்ந்துவிட்டு, சனிக்கிழமையானால் எங்களைத் திரட்டி மலைக்குக் கூட்டிப் போவார். அவருடைய முதுகுப் பையில் மற்றவர்களுக்கான சாமான்தான் அதிகம். கூடுதல் சாக்ஸ், முழங்கால் பட்டை, புளியோதரை, யாருக்காவது தலை வலித்தால் தேய்க்கத் தைலம். தனக்கென்று அவர் எடுத்து வந்தது ஒரு சிவப்புத் தொப்பி மட்டும்தான். போன வருடம் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார். அங்கே ஏற மலை இல்லையே என்று இங்கே பலர் இன்னும் அவருக்காகப் பரிதாபப்படுகிறார்கள்.

நல்லவர். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டாம்.

அவரோடு நான் முதலில் ஏறியது ஃப்ரீமாண்டுக்கு மேலே இருக்கும் மொட்டை மலை. கர்ப்பப்பையை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பாதி வழியில், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு சரிவில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் இங்கயே இருக்கேண்ணா. திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போங்க."

"என்னங்க நீங்க, உச்சி வந்தாச்சு. அந்த வேலியத் தாண்டுனா முடிஞ்சுதுங்க."

வேலியைத் தாண்டினேன். முடியவில்லை. அப்புறம் ஒரு இரும்புக் கதவு, ஒரு ஒற்றை மரம், ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பதினான்கு முறை வந்தாச்சு சொன்னார். நான் எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். உச்சியில் நின்று கீழே விரிகுடாவைப் பார்த்தபோது அழுகை வந்தது. எட்டு மாதமாக யாருடையதாகவோ இருந்த உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்தார், உரித்து என் கையில் வைத்துவிட்டு நகர்ந்துபோனார். அந்தப் பதினான்கு பொய்களுக்கும் அன்று நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

இதை அவர் மனைவியிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தம்மா எங்களோடு மலைக்கு வந்ததே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்:

"எனக்குப் பிரசவ வலி வந்தப்ப ஹாஸ்பிடல் வந்தாச்சுன்னாருங்க. கண்ணத் தொறந்து பாத்தா பெட்ரோல் பங்க்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

பொய்யால் அவருக்கு ஒரு காசு லாபம் கிடையாது. தற்பெருமையும் இல்லை. கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பவரிடம் "வந்தாச்சுங்க, அடுத்த வருசம் கையில இருக்கும்" என்பார். பையனுக்குக் காலேஜ் கிடைக்குமா என்று கலங்குகிறவரிடம் "கெடச்சாச்சுன்னு வெச்சுக்குங்க" என்பார். எதிரில் இருப்பவரின் முகம் ஒரு நிமிடம் மலர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அந்த மலர்ச்சியை நம்பி மறுநாள் அந்த ஆள் என்ன செய்வான் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

செல்வியை எங்கள் மலையேற்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தது நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சி என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

செல்வி எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர் வரிசையில் இருந்தாள். திண்டுக்கல்காரி. ஊரில் நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். கணவனின் விசாவில் இங்கே வந்து ஆறு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் மகளோடு வீட்டிலேயே இருந்தாள். பால்கனியில் நின்றபடி எதிரே டேகேருக்குப் போகும் குழந்தைகளுக்குக் கை காட்டுவாள். மூன்று வருடம் முன்பு, மார்ச் கடைசியில், அவளுக்கு வொர்க் பெர்மிட் வந்தது. இரண்டு வாரத்தில், பக்கத்து ஊரான டப்ளினில் ஒரு டேகேரில் உதவி ஆசிரியை வேலையும் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

"அக்கா, திங்கக்கிழமையிலேர்ந்து நான் எங்கயும் வர முடியாது. அதுக்குள்ள ஒரு தடவை அந்தப் பனி ஏரியப் பாத்துட்டு வந்துரலாமாக்கா?" என்றாள்.

'அந்தப் பனி ஏரி' என்று அவள் சொன்னது குழுவில் அண்ணா அனுப்பியிருந்த ஒரு படத்தை. சியரா மலையில், ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரத்தில் ஒரு சின்ன ஏரி. போக நாலு மைல், வர நாலு மைல். "நாலு தடவை போயிருக்கேனுங்க. கொழந்தகூட நடக்கும்" என்று எழுதியிருந்தார். கோடையில் நாலு முறை போயிருக்கிறார். ஏப்ரலில் ஒருமுறைகூடப் போனதில்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஐந்து பேர்தான் போனோம். அவர், நான், செல்வி, சான் ரமோனிலிருந்து ஒரு இளம் தம்பதி. என் கணவருக்கு ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ், வரவில்லை. இருட்டோடு கிளம்பி, காற்றாலைக் குன்றுகளைத் தாண்டி, பாதாம் தோப்புகளைத் தாண்டி, மலையேறி, நடைபாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தியபோது மணி ஒன்பது. சமவெளியில் வசந்தம் வந்து புல் இடுப்பளவு நின்றது. மேலேயோ பைன் மரங்களுக்கடியில் ஆள் உயரத்துக்குப் பழைய பனி. எங்கள் ஐந்து பேருக்கும் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பற்களை அவரே கொண்டு வந்திருந்தார். செல்வியின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து தானே மாட்டிவிட்டார்.

காலையில் பனி சிமென்ட் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. நறுக் நறுக் என்று நடந்தோம். செல்வி குழந்தை மாதிரி துள்ளினாள். பதினொன்றரைக்கு மேல் வெயில் ஏற, பனி இளகியது. ஒரு கால் நிற்கும், அடுத்த கால் முழங்கால் வரை உள்ளே போகும். இழுத்து எடுத்து வைத்தால் மறுபடி போகும். ஷூவெல்லாம் தண்ணீர். பன்னிரண்டு மணிக்குச் செல்வி நின்றுவிட்டாள்.

"அண்ணா, கால் மரத்துப்போச்சு. அஞ்சு மணிக்கு வந்துருவேன்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். நான் திரும்பிக்கிறேண்ணா."

"நானும் அவகூடத் திரும்பறேண்ணா" என்றேன் நான்.

"வந்தாச்சுங்க! அந்தப் பாறை தெரியுதுங்களா? அதுக்கு அந்தப் பக்கம் ஏரி. இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புனா நாளைக்கு நீங்களே வருத்தப்படுவீங்க."

நடந்தோம். பாறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறை இருந்தது.

அந்த இரண்டாவது பாறைக்கு முன்னால்தான் அந்த அமெரிக்கப் பெண்மணி வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நரைத்த ஒற்றைப் பின்னல், காலில் ஸ்கீ கட்டைகள், இரண்டு கையிலும் தடி. மேலேயிருந்து தனியாக இறங்கி வந்தவர், எங்களுக்கு ஐம்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணாவைப் பார்த்து நின்றார். பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை, பார்க்க மட்டும் முடிந்தது. தடியால் பின்னால் மேலே சுட்டினார். கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு தடிகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்தார். அண்ணா திரும்பத் திரும்பத் தலையாட்டினார், சிரித்தார், எங்களைக் கை காட்டினார். பிறகு அந்தம்மா பாதையை விட்டு விலகி மரங்களுக்கிடையே சறுக்கி இறங்கினார். தூரத்தில் எங்களைக் கடக்கும்போது ஒரு தடியை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினார். நானும் கையை உயர்த்தி ஆட்டினேன். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்தேன், மடச்சி.

"என்னண்ணா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஏரி சூப்பரா இருக்குதாமுங்க. இன்னும் பத்து நிமிசம்தானாம்."

ஐம்பது நிமிடம் ஆனது. கடைசியில் ஒரு சின்னப் பள்ளத்தை, தொட்டில் மாதிரி குழிந்து கிடந்த பனியை, ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். அண்ணா எங்களை இடைவெளி விட்டு வரச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கடந்து ஏறினால் ஏரி.

அழகாகத்தான் இருந்தது. அதை மறுத்தால் நான் பொய்க்காரி. மூன்று பக்கமும் கருங்கல் சுவர். நடுவே வெள்ளையாக உறைந்த தண்ணீர். கரையோரத்தில் மட்டும் பனி கரைந்து, சேலைக்குக் கரை போட்டதுபோல நீலம். எங்கோ உள்ளே பனி விரியும் சத்தம் ஒருமுறை கேட்டு மலைச்சுவரில் மோதித் திரும்பியது. செல்வி ஈர ஷூவோடு ஒரு பாறைமேல் உட்கார்ந்து மகளுக்காக வீடியோ எடுத்தாள். "பாப்பா, பாரு, அம்மா எங்க இருக்கேன் பாரு" என்றாள். அண்ணா எல்லோருக்கும் புளியோதரை போட்டுக் கொடுத்துவிட்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது அதே பள்ளம். அண்ணா கடந்தார். தம்பதி கடந்தார்கள். செல்வி நடுவில் கால் வைத்தபோது, சோற்றுப் பானைக்குள் கை விட்ட மாதிரி மெத்தென்று ஒரு சத்தம். அவள் இடுப்பு வரை உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் எனக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது. ஏரியிலிருந்து வழியும் ஓடை அது. பனி அதன்மேல் கூரை போட்டிருந்தது. காலையிலிருந்து அந்தக் கூரை உள்பக்கமாகக் கரைந்துகொண்டே வந்திருக்கிறது.

கால் கீழே இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பனியைக் கையாலும் டிபன் டப்பா மூடியாலும் தோண்டினோம். இருபது நிமிடம் ஆனது. முதல் ஐந்து நிமிடம் அவள் கத்தினாள். பிறகு கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வெளியே எடுத்தபோது பாதம் இருக்க வேண்டிய பக்கம் பார்த்து இருக்கவில்லை. போனில் சிக்னல் கிடையாது. தம்பதி இருவரும் உதவி தேடி முன்னால் ஓடினார்கள்.

அதன் பிறகு அண்ணா செய்ததையும் நான் சொல்லியாக வேண்டும். தன் ஜாக்கெட்டைக் கழற்றிச் செல்விக்குப் போட்டார், பையிலிருந்த கூடுதல் சாக்ஸையும் மாட்டிவிட்டார். இரண்டு நடைக்கம்புகளை உடைத்து என் துப்பட்டாவால் காலோடு வைத்துக் கட்டினார். முதுகில் அவளைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை புதையும் பனியில், இரண்டரை மைல் நடந்தார். இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் தன் முகம் பனியில் அறைகிற மாதிரி விழுந்தாரே தவிர அவளைக் கீழே விடவில்லை. அவர் உதடு நீலமாகிவிட்டது. அந்த நிலையிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார்:

"வந்தாச்சுங்க செல்வி. கார் தெரியுது பாருங்க. வந்தாச்சு."

கார் தெரியவில்லை. மரம்தான் தெரிந்தது. பின்னால் மூன்று பேரின் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு மனிதனின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது.

எதிரே ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். கார் நிறுத்தத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதை வரவழைத்தது அந்த நரைத்த பின்னல் பெண்மணி. எங்கள் கார் அங்கேயே நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் காத்திருந்திருக்கிறார். தம்பதி ஓடி வந்து சொன்னதும், சிக்னல் கிடைக்கும் இடம் வரை காரை ஓட்டிப் போய் போன் செய்திருக்கிறார். செல்வியை ஏற்றிய பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்.

உங்கள் லீடரிடம் நான் சொன்னேனே. ஓடைமேல் இருக்கும் பனி உள்ளே கரைந்துவிட்டது, என் தடியே உள்ளே போனது, மத்தியானத்துக்கு மேல் யாரும் கடக்கக் கூடாது என்று சொன்னேனே. எல்லோரிடமும் சொல்லித் திருப்பிக் கூட்டிப் போகிறேன் என்றாரே. ஏன் போனீர்கள்?

அண்ணா அப்போது ஆம்புலன்ஸ் கதவருகே நின்று, "ஹாஸ்பிடல் பக்கந்தானுங்க" என்று செல்விக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாஸ்பிடல் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தது.

கணுக்காலில் தகடு, ஆறு திருகாணி. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. குழந்தைகளைத் தூக்கி இறக்கும் வேலையில் அப்படி ஒரு ஆளை வைத்து என்ன செய்வார்கள்? டேகேர்க்காரர்கள் வருத்தத்தோடுதான் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். செல்விக்கு அடுத்த வேலை கிடைக்கப் பத்து மாதம் ஆனது. ஆறு வருடத்துக்கு மேல் பத்து மாதம். அதை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

நம் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த இளம் தம்பதி ஸ்ட்ரெச்சர் ஆட்களோடு திரும்பி வந்தபோது ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். அண்ணா முதுகில் செல்வி. பின்னால் பனிமலை. மறுநாள் காலை அது பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. 'இவர்தான் உண்மையான ஹீரோ.' கைகூப்பிய பொம்மைகள், இதயப் பொம்மைகள். அந்த அமெரிக்கப் பெண்மணி என்னிடம் சொன்னதை நான் வரிக்கு வரி எங்கள் குழுவில் எழுதினேன். பிறகு ஒருவர் எழுதினார், 'அக்கா, உயிரைக் காப்பாத்தினவரப் பத்தி இப்படிப் பேசறது நியாயமா?' இன்னொருவர், 'குரூப்ல நெகட்டிவிட்டி வேண்டாமே.' அட, உண்மைக்கு இப்போது அதுதான் பெயரா?

ஒரு வாரம் கழித்து அவர் செல்வி வீட்டுக்கு வந்தார், தானே சமைத்த கோழிக் குழம்போடு. நானும் அங்கேதான் இருந்தேன். சோபாவில் காலை நீட்டியிருந்த செல்விக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டதும் நான் கேட்டேன்.

"அண்ணா, அந்த ஸ்கீ போட்டுட்டு வந்த அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஓடை மேல பனி வீக்கா இருக்குது, போவாதீங்கன்னாங்க."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா திரும்பியிருப்பீங்களேங்க."

"ஆமா, திரும்பியிருப்போம்! அதுக்குத்தானே அவங்க சொன்னாங்க!"

"அப்பறம் அந்த ஏரிய எப்படிங்க பாத்திருப்பீங்க?"

குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவது மாதிரி, அவ்வளவு பொறுமையாகக் கேட்டார். கண்ணில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்தால் பிடித்துவிடலாம். இந்த மனிதருக்கு, எங்கள் கால், எங்கள் பயம், எங்கள் வீட்டில் காத்திருக்கும் பிள்ளை, எல்லாவற்றையும் எங்களுக்குப் பதிலாகத் தானே எடை போட்டு முடிவு சொல்ல உரிமை இருப்பதாக ஒரு நம்பிக்கை. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அன்பு. செல்வி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். தட்டை என்னிடம் நீட்டி, "எடுத்து வைங்கக்கா" என்றாள்.

மே மாதம் முதல் வாரம் சித்திரை விழா. ஒரு பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கமிட்டியிலிருந்து செல்விக்குப் போன் வந்தது. அண்ணாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், அதை நீங்கள்தான் உங்கள் கையால் போர்த்த வேண்டும் என்றார்கள். என்னைவிடக் கோபக்காரி எவளாவது இருந்திருந்தால் போனிலேயே கிழித்திருப்பாள். "போகாத" என்றேன் நான். செல்வி, "இல்லக்கா, போவோம். நீங்க கையப் புடிச்சுக்கோங்க" என்றாள்.

பெயர் சொன்னதும் அரங்கமே எழுந்து கை தட்டியது. ஊன்றுகோலோடு நாலு படி ஏறினாள். நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா குனிந்து கொடுத்தார். அவள் போர்த்தினாள். தொகுப்பாளர், இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று மைக்கை நீட்டினார்.

"அண்ணா, என்னைய ரெண்டரை மைல் தூக்கிட்டு வந்தீங்க" என்றாள். "அதுக்குத்தான் இந்தச் சால்வை. ரொம்ப நன்றிண்ணா."

கைதட்டல். அது ஓயும் வரை காத்திருந்தாள்.

"போகாதீங்கன்னு ஒருத்தங்க சொல்லியும் எங்ககிட்ட மறைச்சீங்க. அத நான் மன்னிக்கல. அது எங்காலு. திரும்பணுமா வேணாமான்னு நாந்தான் சொல்லியிருக்கணும்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பின் வரிசையில் இரண்டு பேர், என்ன சொன்னாள் என்று புரியாமல், இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். தொகுப்பாளர் சுதாரித்துக்கொண்டார்.

"செல்வி கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க, பாவம். அடுத்து நம்ம குட்டிப் பசங்களோட கும்மி!"

எமோஷனலாம்! அந்த மேடையில் அன்று எண்ணிப் பார்த்து, அளந்து, நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

கார் நிறுத்தத்தில் அண்ணா எங்களிடம் வந்தார். சால்வையை நாலாக மடித்துக் கையில் போட்டிருந்தார். செல்வி ஏற்கனவே காருக்குள் ஏறிக் கண்ணை மூடியிருந்தாள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"செல்விக்கு எம்மேல கோவமாங்க?"

"ஆமாண்ணா. எனக்கும்."

உண்மையிலேயே யோசித்தார். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றே எல்லாம் தீர்ந்திருக்கும்.

"கால் சரியானா கோவம் போயிருமுங்க" என்றார். பிறகு முகம் தெளிந்து, "ஜூன்ல இன்னொரு ஏரி பாத்து வெச்சிருக்கேன். சுத்தமா பனியே இருக்காது. நீங்க ரெண்டு பேரும் வரோணும்."

நான் கார்க் கண்ணாடியை ஏற்றினேன்.

அந்த வாரக் கடைசியில் ஜூன் நடைக்கான பட்டியலைக் குழுவில் போட்டார்கள். ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேர். அதுவரை அவ்வளவு கூட்டம் அவருக்குச் சேர்ந்ததில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவதாக என் கணவர் பெயர் இருந்தது.

அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மனுஷன் நல்லவருதானேம்மா" என்றார். "ஏதோ ஒரு தடவை அப்படி ஆயிடுச்சு. அதுக்காக?"

"போங்க. தாராளமா போங்க. ஆனா எதிர இறங்கி வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், மேல எப்படி இருக்குன்னு நீங்களே போய்க் கேளுங்க. அவர விட்டுக் கேக்காதீங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை.